பழைய மடிக்கணனியை முதல்நாள் நிலைக்குத் திருப்புதல்



எமது குடும்பங்களில் பலவற்றில் இன்று ஒரு பழைய மடிக்கணனி இருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள உறவினர் தாம் பாவித்ததை அனுப்பியிருப்பார். அல்லது பிள்ளையின் படிப்புக்கென்று ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்திருப்பார், அல்லது நகரத்துக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கியிருப்போம். சில காலம் நன்றாக வேலை செய்யும். பின்னர் திறப்பதற்கே கால் மணித்தியாலம் எடுக்கும், வைரஸ் புகும், கேட்காத விளம்பரங்கள் திரையில் பாயும். அப்பொழுது யாராவது ஒருவர், "போர்மற் அடித்துவிடுங்கள், புதிது போல வரும்" என்று சொல்வார்.

சொல்வதில் உண்மை உண்டு. பழைய மடிக்கணனிகளிற் பெரும்பாலானவற்றை, அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல்நாள் நிலைக்கு நாமே திருப்பலாம். அதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் இயந்திரம் முதல்நாளுக்குத் திரும்பும்போது, அந்த நாளுக்குப் பின் அதில் நாம் வைத்த அனைத்தும் அழிந்துபோகும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. விட்டு வந்த வீட்டின் படம், காணி உறுதியின் பிரதி, இறந்துபோன தாயின் முகம், காணாமற்போன மகனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஆகியவை அந்தப் பழைய இயந்திரத்தில் மாத்திரமே இருக்கக்கூடும்.

ஆகவே இந்தப் பாடத்தை ஒரே வசனத்தில் சொல்வதாயின் இவ்வாறு சொல்லலாம்: விதைநெல்லை எடுத்து வைத்த பின்பே களஞ்சியத்தைக் கூட்ட வேண்டும்.

1. "முதல்நாள் நிலை" என்பது என்ன?

கணனியின் உள்ளே தகவல்களைச் சேமித்து வைக்கும் பாகத்தை ஹாட் டிஸ்க் அல்லது வன்தட்டு என்கிறோம். ஏறத்தாழ 2003 முதல் 2012 வரை விற்கப்பட்ட மடிக்கணனிகளிற் பலவற்றில், தயாரித்த நிறுவனம் இந்த வன்தட்டை இரண்டாகப் பிரித்து வைத்தது. பெரிய பகுதி நாம் பாவிப்பதற்கு. மற்றையது சிறிய மறைபகுதி. அதற்குள் விண்டோஸ் இயக்க மென்பொருளின் முழுப் பிரதியும், அந்த இயந்திரத்தின் ஒலி, திரை, வைஃபை ஆகியவற்றை இயக்கும் சிறு மென்பொருள்களும் சுருக்கி வைக்கப்பட்டுள்ளன. சாதாரண பாவனையில் இப்பகுதி எமது கண்ணுக்குப் படுவதில்லை.

ஒரு விவசாயி அறுவடை முடிந்தவுடன் விதைநெல்லைத் தனி மூடையிற் கட்டி, வீட்டின் மூலையில் ஒருவரும் தொடாத இடத்தில் வைப்பது போன்றது இது. வயல் அழிந்தால் அந்த மூடையைத் திறந்து மீண்டும் விதைக்கலாம். குறித்த ஒரு விசையை அழுத்தினால், கணனி அந்த மூடையை அவிழ்த்து, பெரிய பகுதியிலுள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக விதைக்கும். இதையே தொழிற்சாலை நிலைக்குத் திருப்புதல் என்கிறார்கள்.

மூன்று விடயங்களை இங்கு மனதிற் கொள்ள வேண்டும். முதலாவது, திரும்பி வருவது இயந்திரத்தின் முதல் நாள். இன்றைய நாள் அல்ல. 2009 ஆம் ஆண்டு செய்யப்பட்ட கணனி 2009 இன் மென்பொருளுடனேயே எழும்பும். இரண்டாவது, உடலிலுள்ள பழுது இதனால் தீராது. தேய்ந்த பற்றரி தேய்ந்த பற்றரியாகவே இருக்கும். மூன்றாவது, விண்டோஸின் கடவுச்சொல் மறந்துபோன இயந்திரத்தையும் இவ்வழியில் மீட்கலாம். ஆனால் கணனி திறக்கும்போதே, விண்டோஸ் வருவதற்கு முன் கேட்கப்படும் கடவுச்சொல் வேறு வகையானது. அது இதனால் நீங்காது.

2. உண்மையில் இது தேவைதானா?

மாடு எழும்பவில்லை என்றவுடன் அதை விற்பவர் நல்ல விவசாயி அல்ல. முதலில் என்ன நோய் என்று பார்ப்பார். கணனியையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

வன்தட்டு நிறைந்திருந்தால் எந்தக் கணனியும் மெதுவாகவே ஓடும். தேவையற்ற திரைப்படங்களை நீக்கி, பத்தில் ஒரு பங்கு இடமாவது வெறுமையாக இருக்கச் செய்யுங்கள். காற்றாடியின் வாயிற் புழுதி அடைத்திருந்தால் இயந்திரம் சூடாகி, தன்னைக் காப்பதற்காக வேகத்தைக் குறைக்கும். மென்மையான தூரிகையால் அதைத் துப்புரவு செய்யுங்கள். இவற்றின் பின்னும் குணமாகாவிட்டால், அல்லது வைரஸ் பரவியிருந்தால், அல்லது முன்பு பாவித்தவரின் பொருட்கள் நிறைந்த நிலையில் இயந்திரம் எமது கைக்கு வந்திருந்தால், முதல்நாள் நிலைக்குத் திருப்புவதே சரியான வழி.

ஓர் எச்சரிக்கை. வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்ற ஒலி ஒழுங்காகக் கேட்குமானால் அது செத்துக்கொண்டிருக்கின்றது என்று பொருள். அந்நிலையில் திருப்பும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். உடனடியாக முக்கியமானவற்றைப் பிரதி எடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வன்தட்டை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

3. காக்க வேண்டியவை எவை?

வேலையைத் தொடங்குவதற்கு முதல்நாள் மாலை, வீட்டிலுள்ள எல்லோரும் கணனியைச் சுற்றி இருங்கள். ஒரு கொப்பியை எடுத்துப் பட்டியல் எழுதுங்கள். தந்தைக்கு உறுதி ஞாபகம் வரும், தாய்க்குப் படங்கள் ஞாபகம் வரும், பிள்ளைக்குப் பாடக் குறிப்புகள் ஞாபகம் வரும். ஒருவர் தனியே செய்தால் ஏதோ ஒன்று விடுபட்டுப்போகும்.

பட்டியலில் இருக்க வேண்டியவை:

- காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றின் பிரதிகள்.
- பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள். அடையாள அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் பிரதிகள்.
- அரச அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும்.
- குடும்பப் படங்கள், வீடியோக்கள், குரல் பதிவுகள்.
- பிள்ளைகளின் பாட வேலைகள்; கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம் போன்றவற்றின் கணக்குகள்.
- கணனியிற் பதிந்து வைத்த கடவுச்சொற்கள், தொலைபேசி இலக்கங்கள்.

உறுதியைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். மூல உறுதி ஓட்டத்தில் தொலைந்துபோன குடும்பங்கள் பல. அவ்வாறானவர்கள் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியொன்றைப் பெற விண்ணப்பிக்கலாம். அதற்கு உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவை பெரிதும் உதவும். உங்கள் கணனியில் மங்கலாகக் கிடக்கும் ஒரு படத்தில் இந்த மூன்றும் வாசிக்கக்கூடியதாக இருந்தால், அந்தப் படம் ஒரு காணியின் பெறுமதி கொண்டது. அதைப் பிரதி எடுப்பதோடு மாத்திரம் நில்லாது, அந்த மூன்று விபரங்களையும் இன்றே கொப்பியில் எழுதி வையுங்கள். கடதாசிக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

4. பாமினி எழுத்துருவை மறக்க வேண்டாம்

எமது நாட்டிற் பல வருடங்களாகத் தமிழ்க் கடிதங்கள் பாமினி என்ற எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டன. இன்றும் பலர் அதையே பாவிக்கின்றனர். இதன் தன்மையை அறியாமல் கணனியைத் திருப்பியவர்கள், தமது கடிதங்கள் பழுதாகிவிட்டன என்று எண்ணி அழித்துவிடக்கூடும்.

பாமினியில் நாம் "அம்மா" என்று அடிக்கும்போது, கணனி தனக்குள் எழுதிக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளையே. பாமினி எழுத்துரு அந்த விசைகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகின்றது. முதல்நாள் நிலைக்குத் திரும்பிய கணனியில் பாமினி இருக்காது. கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளுமே தெரியும். கடிதம் கெடவில்லை, போர்வை மாத்திரமே விலகியுள்ளது.

ஆகவே கணனியைத் திருப்புவதற்கு முன்னர் சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறையைத் திறந்து, அதற்குள் ஃபொன்ட்ஸ் என்ற கோப்புறையிலிருந்து பாமினியையும் நீங்கள் பாவிக்கும் ஏனைய தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுத்து வையுங்கள். யூனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை. விண்டோஸ் 7 இல் அதற்கான எழுத்துரு முதலிலிருந்தே உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியிலோ, யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்குப் பிராந்திய மொழி அமைப்புக்குச் சென்று சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான வசதியை நாமே சேர்க்க வேண்டும்.

5. பிரதி எடுக்கும் முறை

ஒரு பிரதி போதாது. இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று பென் டிரைவில், மற்றையது நம்பிக்கையான வேறொருவரின் கணனியில் அல்லது வெளி வன்தட்டில் இருக்கட்டும். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், ஒரு படம் 4 எம்பி அளவானது என்று கொண்டால், ஏறத்தாழ 4,000 படங்கள் அடங்கும்.

கோப்புகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கையும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் கணனியைத் திறப்பவர்களாயின், ஒவ்வொரு பெயரின் கீழும் இவற்றைத் தேடுங்கள். "டி டிரைவில் இருப்பது அழியாது" என்று சிலர் சொல்வார்கள். சில இயந்திரங்களில் அது சரி. வேறு சில முழு வன்தட்டையும் அழித்துவிடும். ஆகவே டி டிரைவையும் பிரதி எடுங்கள்.

நீண்ட வீடியோ ஒன்று பென் டிரைவிற்குள் செல்ல மறுத்தால் பென் டிரைவ் பழுது என்று எண்ண வேண்டாம். பல பென் டிரைவ்கள் ஃபற் 32 என்ற முறையில் அமைக்கப்பட்டுள்ளன. அம்முறையில் தனியொரு கோப்பு 4 ஜிபி அளவை விடப் பெரியதாக இருக்க முடியாது. அவ்வாறான வீடியோவை வெளி வன்தட்டில் அல்லது வேறு கணனியில் வையுங்கள்.

பிரதி எடுத்தபின் முக்கியமான காரியம் ஒன்று உண்டு. பென் டிரைவை வேறொரு கணனியிற் செருகி, கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் மாத்திரம் போதாது. படம் தெரிய வேண்டும், கடிதம் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். விதைநெல்லை முளைக்கப்போட்டுப் பார்ப்பது போன்றதே இதுவும். பழைய கணனியில் வைரஸ் இருந்திருந்தால், பென் டிரைவைச் செருகும் கணனியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருப்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

6. தொடங்குவதற்கு முன் இயந்திரத்தைப் பாருங்கள்

திருப்பும் வேலை ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம், சில வேளைகளில் அதற்கும் மேலாக எடுக்கலாம். இடையில் மின்சாரம் நின்று, பற்றரியும் இறந்தால், பழைய விண்டோஸும் இல்லை, புதிய விண்டோஸும் இல்லை என்ற நிலை உண்டாகும். ஆகவே மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளிலோ, இடிமின்னலுடன் கூடிய மாரிக்கால மாலையிலோ இதை ஆரம்பிக்க வேண்டாம். பற்றரி நன்றாக உள்ள இயந்திரமாயின் அதை முழுதாக ஏற்றி, சார்ஜரையும் செருகியபடியே வேலையைச் செய்யுங்கள்.

பற்றரி வீங்கியிருந்தால், அதாவது கணனியின் அடிப்பாகம் புடைத்து மேசையில் ஒழுங்காக இராமல் ஆடினால், அதை அழுத்தவோ துளைக்கவோ வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கழற்றக்கூடிய பற்றரியாயின் மெதுவாகக் கழற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். அடுப்பிலோ குப்பைக் குழியிலோ போட வேண்டாம். பற்றரி இல்லாமல் சார்ஜரில் மாத்திரம் இயங்கும் கணனியாயின், மின்சாரத்தில் நம்பிக்கையுள்ள இடத்துக்குக் கொண்டு சென்று வேலையைச் செய்யுங்கள்.

பென் டிரைவ், பிரின்டர், மெமரி கார்ட் என்று கணனியிற் செருகியுள்ள அனைத்தையும் கழற்றுங்கள். பிரதிகள் உள்ள பென் டிரைவ் வேலை நடக்கும் மேசையிலேயே இருக்கக் கூடாது.

7. திருப்பும் முறை

உதாரணமாக லெனோவோ திங்க்பாட் வகையை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்களிற் பாவித்து முடித்தபின் கைமாறி வரும் மடிக்கணனிகளில் இது உறுதியானது. டி61, டி400, டி410 போன்றவற்றில் விசைப்பலகைக்கு மேலே நீல நிறப் பொத்தான் ஒன்று உண்டு.

(அ) கணனியை முற்றாக நிறுத்துங்கள். பின்னர் இயக்கி, நிறுவனத்தின் பெயர் திரையில் தெரியும்போதே நீலப் பொத்தானை அழுத்துங்கள்.

(ஆ) ஒரு சிறிய பட்டியல் தோன்றும். அதில் எஃப்11 விசைக்கு எதிரே மீட்புப் பகுதியின் பெயர் இருக்கும். எஃப்11 ஐ அழுத்துங்கள்.

(இ) சிறிது நேரத்தில் மீட்புத் திரை திறக்கும். அதில் முழு இயந்திரத்தையும் மீட்பதற்கான இடத்தைத் தெரிவுசெய்து, வன்தட்டைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வழியை எடுங்கள்.

(ஈ) எல்லாம் அழியும் என்று இயந்திரம் எச்சரித்து உங்கள் சம்மதத்தைக் கேட்கும். இந்த இடத்தில் கையை எடுத்து, கொப்பியிலுள்ள பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் எதிரே சரி அடையாளம் இருந்தால் மாத்திரம் சம்மதியுங்கள்.

(உ) அதன்பின் இயந்திரம் தானாகவே பல தடவை நின்று மீண்டும் எழும்பும். கறுத்த பெட்டிகள் தோன்றி மறையும். இவை பழுதல்ல. விசைகளைத் தட்டாமல் பொறுத்திருங்கள். இறுதியில் உங்கள் பெயர், நாடு, நேரம் ஆகியவற்றைக் கேட்கும் திரை வந்தால் வேலை முடிந்தது.

ஏனைய நிறுவனங்களின் இயந்திரங்களிலும் வழி இதுவே. விசை மாத்திரம் வேறுபடும். கணனியை இயக்கியவுடன் அழுத்த வேண்டியவை பொதுவாகப் பின்வருமாறு:

- எச்.பி.: எஃப்11.
- டெல் (விண்டோஸ் 7): எஃப்8 ஐ அழுத்தி, கணனியைத் திருத்தும் வழியைத் தெரிந்து, அதனுள் டெல்லின் தொழிற்சாலை மீட்பை எடுக்க வேண்டும். எக்ஸ்பி காலத்து டெல்லாயின் கன்ட்ரோல் விசையையும் எஃப்11 ஐயும் ஒன்றாக அழுத்த வேண்டும்.
- ஏசர்: ஓல்ட் விசையும் எஃப்10 உம் ஒன்றாக.
- அசூஸ்: எஃப்9.
- தொஷிபா: பூச்சிய விசையை அழுத்திப் பிடித்தபடி இயக்க வேண்டும்.
- சம்சுங்: எஃப்4.
- சோனி வயோ: எஃப்10. சில வகைகளில் அசிஸ்ட் என்ற தனிப் பொத்தான் உண்டு.
- லெனோவோ ஐடியாபாட்: சார்ஜர் துளைக்கு அருகில் அல்லது இயக்கும் பொத்தானுக்கு அருகில் உள்ள சிறிய தனிப் பொத்தான்.

விண்டோஸ் 10 உள்ள இயந்திரங்களில் விசை தேட வேண்டியதில்லை. செற்றிங்ஸ் பகுதியில் மீட்பு என்ற இடத்திற்குச் சென்றால் கணனியை மீளமைக்கும் வழி இருக்கும். எமது கோப்புகளை வைத்திருப்பதா, எல்லாவற்றையும் நீக்குவதா என்று அது கேட்கும். வைத்திருக்கும் வழியை எடுத்தாலும், பிரதி எடுக்காமல் தொடங்க வேண்டாம்.

8. மறைபகுதி இல்லாவிட்டால்

விசையை அழுத்தியும் எதுவும் வராதிருக்கலாம். முன்பு யாரோ வன்தட்டை மாற்றியிருப்பார்கள், அல்லது முழுவதையும் அழித்து வேறு விண்டோஸைப் போட்டிருப்பார்கள். அதாவது விதைமூடையும் சேர்த்து உண்ணப்பட்டுவிட்டது. ஏசர் வகையிலாயின் முதலில் ஒன்றைப் பாருங்கள்: பயோஸ் அமைப்பில் டி2டி மீட்பு என்பது நிறுத்தப்பட்டிருந்தால் விசை வேலை செய்யாது. அதை மீண்டும் இயங்கச் செய்யலாம்.

மறைபகுதி உண்மையிலேயே இல்லாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. இயந்திரத்துடன் வந்த மீட்பு டிவிடிகள் இருந்தால், அவற்றிலிருந்து இதே வேலையைச் செய்யலாம். ஆகவே உறவினர் கணனி அனுப்பும்போது, "பெட்டிக்குள் டிவிடி ஏதும் இருந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். டிவிடியும் இல்லாவிட்டால், லினக்ஸ் என்ற இலவச இயக்க மென்பொருளைப் போடலாம். உதாரணமாக லினக்ஸ் மின்ட் என்பதற்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வன்தட்டு இடமும் வேண்டும். 4 ஜிபி நினைவகம் இருந்தால் வசதி. இது முதல்நாள் நிலை அல்ல. ஆனால் கடிதம் எழுதவும், பிள்ளைகள் படிக்கவும், இணையத்தைப் பார்க்கவும் போதுமானது.

கணனியின் அடியில் அல்லது பற்றரிக்குக் கீழே ஒட்டியுள்ள விண்டோஸ் சிட்டையிலுள்ள இலக்கத்தை இப்பொழுதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சிட்டை காலப்போக்கில் தேய்ந்து மறைந்துவிடும். உரிமத்துடன் விண்டோஸை மீண்டும் போட வேண்டி வந்தால் அந்த இலக்கம் தேவைப்படும்.

9. மீட்ட பின்னர் செய்ய வேண்டியவை

முதலில் திகதியைப் பாருங்கள். கணனிக்குள் நேரத்தைக் காக்கும் சிறிய வட்டப் பற்றரி ஒன்று உண்டு. அது இறந்திருந்தால், கணனி பல வருடங்களுக்கு முந்திய திகதியைக் காட்டும். திகதி பிழையாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும்.

இரண்டாவதாக, பாமினியையும் ஏனைய எழுத்துருக்களையும் ஃபொன்ட்ஸ் கோப்புறைக்குள் இடுங்கள். ஒரு பழைய கடிதத்தைத் திறந்து சரியாகத் தெரிகின்றதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, தொழிற்சாலையிலிருந்து வந்த பரீட்சார்த்த மென்பொருள்களை நீக்குங்கள். அவற்றின் காலம் எப்போதோ முடிந்திருக்கும். அவை கணனியை மெதுவாக்குவதோடு பணம் கட்டுமாறும் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான்காவதாக, மறைபகுதியிலிருந்து மீட்பு டிவிடிகளைச் செய்யும் வசதி இருந்தால் உடனே செய்து வையுங்கள். சில நிறுவனங்கள் ஒரே ஒரு தொகுதியை எடுப்பதற்கு மாத்திரமே அனுமதிக்கும். ஆகவே நல்ல டிவிடிகளைப் பாவித்து, எழுதி முடித்ததும் இலக்கமிட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

இறுதியாக எமது கோப்புகளைத் திரும்பப் பிரதி செய்யுங்கள். அதன் பின்னரும் பென் டிரைவிலுள்ளதை அழிக்க வேண்டாம். கணனியில் மாத்திரம் இருப்பது பாதுகாப்பில் இருப்பதாகாது.

10. இணையத்திற்குச் செல்லுமுன்

முதல்நாள் நிலைக்குத் திரும்பிய கணனி, உலகம் மாறியதை அறியாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை 2014 ஏப்பிரல் 8 ஆம் திகதி நிறுத்தியது. விஸ்டாவுக்கு 2017 ஏப்பிரல் 11 இலும், விண்டோஸ் 7 இற்கு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 8.1 இற்கு 2023 ஜனவரி 10 இலும் அது நின்றது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது.

வேலி அறுந்த வளவுக்கு ஒப்பான நிலை இது. வளவு உங்களுடையதுதான், ஆனால் எந்த மாடும் உள்ளே வரலாம். ஆகவே எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 உள்ள இயந்திரங்களில் வங்கிக் கணக்கு, பணம் அனுப்புதல், கடவுச்சொல் கேட்கும் அரச சேவைகள் என்பவற்றைச் செய்ய வேண்டாம். அவற்றைக் கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும், பென் டிரைவிற் கொண்டுவந்த பாடங்களைப் பார்க்கவும் பாவியுங்கள். இணையத்துக்கும் வேண்டுமாயின் மேலே சொன்ன லினக்ஸ் வழியே நல்லது.

11. இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

எமக்குத் தேவை முடிந்த கணனியை அயலவருக்குக் கொடுப்பது நல்ல காரியம். அப்போதும் முதல்நாள் நிலைக்குத் திருப்பியே கொடுக்க வேண்டும். ஆயினும் இவ்வாறு அழித்தவற்றைச் சிறப்பு மென்பொருள்கள் மூலம் ஓரளவு மீட்டெடுக்க முடியும் என்பதை அறிந்திருங்கள். அடையாள அட்டைப் பிரதிகள், முறைப்பாடுகள், பிறருடைய வாக்குமூலங்கள் போன்றவை இருந்த இயந்திரமாயின், அறிந்த ஒருவரைக் கொண்டு வன்தட்டின் மேல் முழுமையாக மறு எழுத்து எழுதச் செய்த பின்பே கைமாற்றுங்கள். அல்லது வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.

அதேபோல, அன்பளிப்பாக வந்த கணனியில் முன்னையவரின் கடிதங்களோ படங்களோ இருக்கக் கண்டால், அவை எமக்குரியவை அல்ல. தொடர்பு கொள்ள முடியுமாயின் அவருக்கு அறிவித்து, அவருக்கு வேண்டியதைக் கொடுத்த பின்பு அழிப்பதே நேர்மை.

முடிவாக

இயந்திரத்துக்கு முதல் நாளுக்குத் திரும்ப ஒரு விசை உண்டு. எமக்கு அது இல்லை. நாம் சொந்தக் காணிக்குத் திரும்பிச் சென்றாலும், கிணறு தூர்ந்திருக்கும், பனைகள் சரிந்திருக்கும், எல்லைக் கல் புல்லுக்குள் மறைந்திருக்கும். அங்கே எமது எல்லையை மீண்டும் காட்டக்கூடியவை நாம் காத்து வைத்த பத்திரங்களும், முதியவர்களின் ஞாபகமும், அயலவரின் சாட்சியமுமே. ஆகவே கணனியைப் புதிதாக்குங்கள். ஆனால் உங்கள் குடும்பத்தின் ஞாபகத்தை அதற்கு விலையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தின் முக்கிய பத்திரங்கள் இன்று எங்கே உள்ளன? ஒரே இடத்தில் மாத்திரம் இருப்பவை எவை?
2. உங்கள் உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவற்றை வீட்டில் எத்தனை பேர் அறிவர்?
3. உங்கள் கிராமத்தில் அல்லது முகாமில் கணனி அறிந்த இளைஞர் யார்? மாதத்தில் ஒரு நாள் அவர்கள் பிறருக்கு உதவுவதை எவ்வாறு ஒழுங்கு செய்யலாம்?
4. எழுத வாசிக்கத் தெரியாத முதியவர்களின் ஞாபகத்திலுள்ள காணி விபரங்களை யார், எப்போது பதிவு செய்வது?

செயல்: அடுத்த கூட்டத்திற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் தமது பத்திரங்களின் பட்டியலை எழுதி முடிக்கட்டும். கணனி இல்லாத குடும்பங்களும் இதைச் செய்யலாம்.